சமத்துப் பொட்டலம்

எங்கள் பட்டறையில் முத்திரைச் சீட்டு ஒட்டுகிறவள் நான். சாம்பல் நிறப் பெட்டியின் வலது மூலையில், விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, கோணாமல், குமிழி விழாமல் ஒட்ட வேண்டும். மேலே அரசாங்கச் சின்னம், கீழே எங்களுக்குக் கொடுத்த எண். இந்தப் பெட்டி தன் பாட்டுக்கு வேலை செய்யும், அக்கம்பக்கத்து ரேடியோவைத் தொந்தரவு செய்யாது, சோதித்துப் பார்த்தாயிற்று என்று அதற்கு அர்த்தம். வாங்குகிறவன் ஒருவனும் அதைப் படிப்பதில்லை. சீட்டு இல்லாமல் விற்றால் மட்டும் அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி வருவார்கள்.

ஜியென் குடும்பப் பட்டறை அது, என் வீட்டுக்காரனின் அண்ணன் போ-சுவானுடையது. அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். கணவாய் மீன் பிடிக்கும் படகுகளுக்கு விளக்கு செய்கிறோம். இருட்டில் விளக்கைப் போட்டால் கணவாய் கும்பலாக மேலே வரும். கீலுங் துறைமுகத்தில் கோடைகாலப் பிழைப்பே அதுதான். பழைய விளக்குகள் டீசலைக் குடித்துத் தீர்த்தன, பக்கத்தில் நின்றவன் தோலைப் பொசுக்கின. எங்கள் எல்.இ.டி. விளக்கு குளிர்ச்சியாக எரியும். அதற்கு மின்சாரத்தை நறுக்கி அளந்து அனுப்புவது அந்தச் சாம்பல் பெட்டி. முதல் பெட்டிகளை என் வீட்டுக்காரன் வென்-ஹாயின் 'ஷுன்-ஃபா' படகில்தான் மாட்டினோம். அண்ணன் செய்த சாமான் தம்பி படகில் எரிந்தால்தானே மற்றவன் நம்பி வாங்குவான்? வாங்கினார்கள், இன்னும் நாலு படகுக்காரர்கள்.

அப்புறம் கோ மாமா விஷயம் நடந்தது.

கோ மாமாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சின்னப் படகு, தனி ஆள். கீலுங் தீவுக்கு அப்பால் ஒரு ராத்திரி அவர் இஞ்சின் நின்றுபோனது. கையில் இருந்த சின்ன ரேடியோவில் உதவிக்குக் கூப்பிட்டார். அவருக்குக் கிட்டத்தில் இருந்தது 'ஷுன்-ஃபா' ஒன்றுதான். கல்யாண வீடு மாதிரி விளக்கெல்லாம் எரிய அது நின்றதைப் பார்த்துக்கொண்டே, பேட்டரி தீரும்வரை அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். யாரும் வரவில்லை. நீரோட்டம் அவரைத் தீவின் பாறையில் கொண்டுபோய் மோதியது. விடிந்த பிறகு கரைக்காவல் படகு அவரைத் தூக்கி வந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பார்த்து வென்-ஹாய்க்கு அந்த வருஷத்திலேயே பெரிய மீன்பாடு. பெட்டி பெட்டியாகக் கணவாய் இறக்கினான். துறைமுகத்துக்கு வேறென்ன வேண்டும்? காதில் விழுந்திருக்கும், அள்ளுகிறதை விட்டுப் போக மனசு வரவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மீன் ஏலத்தில் அவன் பக்கத்தில் நிற்பவன் நகர்ந்து நின்றான். யாரோ ஒரு புண்ணியவான் காது மெஷின் விளம்பரத்தைத் தினம் தினம் அவன் செல்போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். வென்-ஹாய் செல்போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கடலுக்குப் போக ஆரம்பித்தான்.

ஊர் பேசினால் பேசட்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் கேட்டேன்.

"நெஜமாவே கேக்கலையா?"

"கேக்கல."

"ரேடியோ ஆன்லதான இருந்துச்சு?"

"இருந்துச்சு. ஆனா மூச்சுக் காட்டல."

ஒரு வாரம் கழித்து, சோறு போடும்போது மறுபடி கேட்டேன். அவன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேக்கல என்றான். இன்னொரு நாள் படுக்கையில் விளக்கை அணைத்த பிறகு, "கொஞ்சம்கூடவா கேக்கல?" என்று என் நாக்கு கேட்டுத் தொலைத்தது. அவன் எழுந்தான், தலையணையைக் கக்கத்தில் இடுக்கினான், போய்ப் படகில் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து படகுதான் அவன் வீடு. சோற்றுத் தூக்கை மட்டும் கொண்டுபோய்ப் படகுக்கயிறு கட்டும் தூண்மேல் வைத்துவிட்டு வருவேன். அவன் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இப்படி வீடும் பட்டறையுமாக நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்த நாளில்தான் பெட்டிக்குச் சீட்டு வாங்கிய லின்கோ சோதனைக்கூடத்துக்கு மறுபடி போக வேண்டி வந்தது. மஞ்சள் கலந்த ஒளியில் புது விளக்கு ஒன்று செய்திருந்தோம். பெட்டி பழைய பெட்டிதான், ஆனாலும் விளக்கு மாறினால் திரும்பச் சோதிக்க வேண்டும் என்பது விதி. பெரியத்தான் வண்டியை ஓட்டினார், நான் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சோதனை செய்பவள் லியாவ் என்ற இஞ்சினியர் பெண். முப்பது வயதிருக்கும், குரல் ஏறவும் இறங்கவும் செய்யாது. போன தடவையும் அவள்தான். அறை முழுக்கச் சுவரிலும் கூரையிலும் நீலக் கூம்புகள் முளைத்திருக்கும். உள்ளே பேசினால் நம் குரலே நம்மை விட்டுப் போன மாதிரி இருக்கும். நடுவில் மேடையில் பெட்டியை வைத்து, கதவைச் சாத்தி, மேடையை மெதுவாகச் சுற்றவிடுவாள். தள்ளி நிற்கும் ஆண்டெனா அது கக்குவதையெல்லாம் கேட்கும். வெளியே திரையில் ஒரு சிவப்புக் கோடு. நம் பெட்டியின் பச்சைக் கோடு அதற்குக் கீழேயே ஓடினால் தேறிவிட்டது.

அன்றைக்குப் பச்சைக் கோடு பாதி தூரம் ஒழுங்காக ஓடிவந்து, திடீரென்று சிவப்புக்கு மேலே விறைத்துக்கொண்டு நின்றது.

"ஒயரு சரியா மாட்டலை போல. திருப்பிப் போடும்மா" என்றார் பெரியத்தான்.

லியாவ் திருப்பிப் போட்டாள். திரும்பவும் அதே இடத்தில் நின்றது. பழைய விளக்கையே மாட்டிப் பார்த்தாள். அப்போதும் நின்றது.

"சார், பெட்டிக்குள்ள எதையாவது மாத்துனீங்களா?"

"ஒரு ஸ்க்ரூவக்கூட மாத்தல. நீயே அன்னிக்குத் தேறிடுச்சின்னு சொன்ன பெட்டி. அப்போ உன் மெஷினுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

"மெஷினை முந்தாநாள்தான் சரிபார்த்தோம். அன்னிக்கு இருந்தது இன்னிக்கு எது இல்ல? யோசிங்க."

எனக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது. "அன்னிக்கு நம்ம சமத்து இருந்துச்சு. இன்னிக்கு வாங்காம வந்துட்டோம். அதான் கோவம்" என்று சிரித்தேன்.

லியாவ் சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

சமத்து என்றால் பொட்டலம். தேங்காய்ப்பால் மணத்தில் சோளப்பொரி அடைத்த பச்சைப் பொட்டலம், எந்தக் கடையிலும் கிடைக்கும். அதன் பெயருக்கே சமத்தாயிரு என்றுதான் அர்த்தம். அதை மெஷின்மேல் வைத்தால் மெஷின் மக்கர் பண்ணாது என்று இங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் வைத்தால் வினை. தேதி தாண்டியிருக்கக் கூடாது. யாரும் தின்னக் கூடாது. வங்கியில், ஆஸ்பத்திரியில், ரயில் சிக்னல் அறையில், எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கும். லியாவின் திரைக்கு மேலேயும் ஒன்று இருந்தது. எங்கள் பெட்டி போன தடவை இரண்டு முறை தோற்றது. மூன்றாவது முறைக்கு நானே போய், தேதி பார்த்து, நல்ல உப்பலான பொட்டலமாக வாங்கி வந்தேன். மேடை சுற்றும்போது விழுந்துவிடப் போகிறதே என்று பெட்டியின் மேலேயே, விளக்கு ஒயர் வெளியே வரும் இடுக்கில் சாய்த்து, டேப் போட்டு ஒட்டினேன். தேறிவிட்டது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம்.

"அது உள்ள இருந்துச்சா? மேடை மேல?" என்று கேட்டாள் லியாவ்.

"நீ பார்த்தியேம்மா. கதவைச் சாத்துனதே நீதான்."

"பார்த்தேன்." அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "பார்த்தேன் அக்கா. அடுத்தவங்க வெச்ச பொட்டலத்தை எடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

எழுந்து தன் திரைமேல் இருந்த பொட்டலத்தை எடுத்தாள். பெரியத்தான் பதறிப்போய், "ஏய், அதைத் தொடாத!" என்றார். அவள் அதை உள்ளே கொண்டுபோய், நான் ஒட்டிய மாதிரியே ஒயர் இடுக்கில் சாய்த்து ஒட்டினாள். கதவைச் சாத்தினாள். பச்சைக் கோடு சிவப்புக்குக் கீழே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. பொட்டலத்தை எடுத்தாள். விறைத்துக்கொண்டு நின்றது. அப்புறம் எங்கள் கண்முன்னாலேயே அதைப் பிரித்து, பொரியைக் குப்பையில் கொட்டி, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். முழுக்க வெள்ளித்தாள், கண்ணாடி மாதிரி மின்னியது.

"இடுக்கு வழியா வர்றதை இது மறைச்சிருக்கு. அவ்வளவுதான். பெட்டி அன்னிக்கும் தேறல" என்றாள்.

பெரியத்தான் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அந்த நிமிஷத்தில் பெரிதாக ஒன்றும் உறைக்கவில்லை. பெட்டிக்கு ஒரு தகடு அடித்தால் போகிறது என்று நினைத்தேன். ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "அந்தக் கோடு நிக்குதே, அது எந்த இடம்?"

"படகு ரேடியோ பேசுற இடம், அக்கா."

"அப்போ ரேடியோல இரைச்சல் வருமா?"

"இரைஞ்சா நல்லது. ஆளு உஷாராயிடுவான். படகுக்காரங்க இரைச்சல் வராம இருக்க ஒரு திருகைத் திருகி வெச்சிருப்பாங்கல்ல? அதனால சத்தமே வராது. தூரத்துக் குரல், வலுவில்லாத குரல் எல்லாம் அடியில அமுங்கிப் போயிடும். தனக்குக் கேக்கலைங்கிறதே அந்த ஆளுக்குத் தெரியாது. ரேடியோ பாட்டுக்குக் கம்முனு கிடக்கும்."

மூச்சுக் காட்டல. வென்-ஹாய் சொன்னதும் இதைத்தான். நான் மூன்று தடவை கேட்டேன், அவன் மூன்று தடவை உண்மையைச் சொன்னான். அவன் காதை அடைத்தது என் பொட்டலமும் என் கையால் குமிழி விழாமல் ஒட்டிய சீட்டும்.

"நான் மேலாளர்கிட்ட சொல்லியாகணும். உங்க எண்ணை நிறுத்தி வெப்பாங்க. என் வேலையும் இருக்குமான்னு தெரியல" என்றாள் லியாவ்.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறும்மா. நாலு நாளு. அதுக்குள்ள எல்லாப் பெட்டிக்கும் தகடு அடிச்சுடறேன். யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் பெரியத்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி ரேடியோவில் எச்சரிக்கை சொன்னார்கள்: தென்மேற்கிலிருந்து பலத்த காற்று கிளம்புகிறது, சின்னப் படகுகள் இருட்டுவதற்குள் கரை திரும்ப வேண்டும், கடலில் இருப்பவர்கள் ரேடியோ அழைப்பைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். கவனித்துக்கொண்டிருக்க வேண்டுமாம்! எங்கள் விளக்கைப் போட்டுவிட்டு எதைக் கவனிப்பது?

"பெரியத்தான், அஞ்சு படகு."

"தெரியுது." வண்டியை ஓரங்கட்டினார். நாலு படகுக்காரர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தார். நல்லவேளை, எல்லோரும் எடுத்தார்கள். "காத்து வருதாம், சீக்கிரம் கரைக்கு வந்துடு" என்றார். நாலு பேரிடமும் அதையேதான் சொன்னார். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விளக்கைப் போடாதீங்கன்னு சொல்லலையே?"

"கரைக்கு வந்துட்டா எதுக்கு விளக்கு?"

"நாளைக்குப் போடுவாங்களே."

"நாளைக்குப் பார்த்துக்கலாம். யூன், அவசரப்படாத. பட்டறையில எட்டுப் பேர் வேலை செய்யறாங்க. இது வெளிய போச்சுன்னா நாளைக்கே ஷட்டரை இறக்கணும். கொஞ்சம் நிதானமா யோசி." அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பொட்டலத்தை ஒட்டுனது நீதான். அதையும் யோசிச்சுக்க."

"ஆமா, நான்தான். ஒட்டுனவதான் சொல்றேன். உங்க தம்பிக்கு எப்படிச் சொல்றது? அவன் போன் எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல உக்காந்திருக்கு."

அவர் வண்டியை எடுத்தார்.

துறைமுகத்துக்கு வந்தபோது வானம் ஈயப் பாத்திரம் போலக் கறுத்துக் கிடந்தது. 'ஷுன்-ஃபா' நிற்கும் இடம் காலி. மத்தியானமே போய்விட்டான். காலையில் நான் வைத்த சோற்றுத் தூக்கு தூண்மேல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அழுகை அப்புறம்தான் வந்தது.

படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு படகில் மட்டும் ஆள் இஞ்சினை உறுமவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கோ மாமாவின் மகன் யாவ்-திங். எங்கள் விளக்கு வாங்காதவன். வென்-ஹாயோடு ஒன்றாய் நீச்சல் கற்றவன். என்னை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். அப்பா கால் போன நாளிலிருந்து என்னைப் பார்த்தால் பாக்குச் சாற்றைத் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அன்றைக்கும் துப்பினான்.

"யாவ்-திங், உன் ரேடியோ வேணும்."

"ரேடியோவா?" பல்லைக் காட்டினான், சிரிப்பில்லை. "ஜியென் வீட்டம்மா, உங்க வீட்டுலதான் ரேடியோ கேக்கிற பழக்கமே கிடையாதே."

"கேக்க முடியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்." நான் கேட்காமலே படகில் குதித்தேன். பெட்டி, இடுக்கு, பொட்டலம், வெள்ளித்தாள், சீட்டு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். "அவனுக்குக் கேக்கல, யாவ்-திங். விளக்கைப் போட்டா அந்தப் படகு செவிடு. உங்கப்பா கூப்பிட்டதைக் கேக்கவிடாம பண்ணுனது எங்க பெட்டி. அவன் இல்ல."

"கதை நல்லா இருக்கு. புருஷனைக் காப்பாத்த நல்ல கதை."

"கதை சொல்லி எங்க பட்டறையை நானே மூடுவேனா?"

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். நான் அவன் தோளைத் தள்ளிவிட்டு ரேடியோவின் மைக்கை எடுத்தேன். கரையில் பெரியத்தான் மழையில் நனைந்துகொண்டு நின்றார். "யூன், வேணாம்! அவனை மட்டும் கூப்பிடு! காத்து வருதுன்னு மட்டும் சொல்லு!" என்று கத்தினார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனாலும் பொத்தானை அழுத்தினேன்.

"எல்லாப் படகுக்கும். ஜியென் பட்டறை சூ-யூன் பேசுறேன். எங்க விளக்கு மாட்டுன படகுங்க விளக்கை அணைச்சுடுங்க. அந்த விளக்கு எரிஞ்சா ரேடியோ கேக்காது. சீட்டு ஒட்டியிருக்கே, சின்னம் இருக்கேன்னு நம்பாதீங்க. அந்தச் சீட்டு பொய். நான் ஒட்டுனதுதான். கோ மாமா கூப்பிட்டது என் வீட்டுக்காரனுக்குக் கேக்கல. கேக்க வழியில்ல."

அப்புறம் ஒவ்வொரு குரலாக வந்தது. ஒருவன் "என்னம்மா சொல்ற, திருப்பிச் சொல்லு" என்றான். எங்கள் விளக்கு வாங்கிய ஒருவன் என் ஏழு தலைமுறையையும் இழுத்து வைது தீர்த்தான். இன்னொருவன், "அதான் இந்த சீசன்ல ரேடியோ இவ்வளவு அமைதியா இருந்துச்சா? நான் ஊரு திருந்திடுச்சுன்னுல்ல நினைச்சேன்" என்றான். 'ஷுன்-ஃபா'விலிருந்து மட்டும் பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும். தீவுக்கு அந்தப் பக்கம் மேகத்தின் அடிவயிற்றில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. வானம் இருண்டதால் சீக்கிரமே விளக்கைப் போட்டுவிட்டான்.

யாவ்-திங் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து கயிற்றை அவிழ்த்தான்.

அலை ஏறிக்கொண்டே வந்தது. நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு முறை வாந்தி எடுத்தேன். தீவைச் சுற்றியதும் 'ஷுன்-ஃபா' முழுசாகத் தெரிந்தது, இருட்டில் ஒரு துண்டுப் பட்டப்பகல் மாதிரி. நேராக அதன் பக்கம் போவான் என்று நினைத்தேன். அவன் பாறைகள் இருந்த பக்கமாகத் திருப்பி, பத்திரமான தூரத்தில் இஞ்சின் வேகத்தைக் குறைத்தான்.

"இங்கதான் அப்பா கிடந்தாரு" என்றான்.

ஆணியில் தொங்கிய ஒரு சின்னக் கை ரேடியோவை எடுத்தான். ஒரு மூலை உடைந்து ரப்பர் சுற்றியிருந்தது. கோ மாமாவுடையது, கரைக்காவல்காரர்கள் திருப்பிக் கொடுத்தது. பைனாகுலரை என்னிடம் கொடுக்காமல் தானே கண்ணில் வைத்துக்கொண்டான். அப்புறம் அந்தக் கை ரேடியோவில், தன் குரலில் இல்லாமல், கிழவரின் இழுவைக் குரலில் பேசினான்.

"ஷுன்-ஃபா, ஷுன்-ஃபா. இஞ்சின் நின்னு போச்சுடா. பாறை பக்கம் இழுக்குது. வாடா தம்பி. ஷுன்-ஃபா, கேக்குதா?"

அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு பைனாகுலரை என் கையில் திணித்தான். வென்-ஹாய் சுக்கான் அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேலேயே ரேடியோ தொங்கியது. கையில் ஒரு கிண்ணம், அதிலிருந்து நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் அந்த வெளிச்சத்திலிருந்து இருட்டு எப்படித் தெரியும்? என் பக்கத்தில் யாவ்-திங் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வென்-ஹாய் ரேடியோ பக்கம் திரும்பக்கூட இல்லை. கிண்ணத்தைக் கடலில் அலசினான். கணவாய்க் கயிற்றைப் பார்க்க எழுந்து போனான்.

யாவ்-திங் ரேடியோவை மெல்ல இறக்கினான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைக் கையால் வழித்துக்கொண்டு இஞ்சினை முடுக்கினான். கிட்டே போய் ஹாரனை அடித்தான், நான் தொண்டை கிழியக் கத்தினேன், விளக்கை அணை, விளக்கை அணை! வென்-ஹாய் நெற்றியில் கை வைத்து எங்களைப் பார்த்தான். என்னை அந்தப் படகில் பார்த்தால் அவன் என்ன நினைத்திருப்பான்? உள்ளே போனான். விளக்குகள் அணைந்தன.

அணைந்ததும் அவன் படகிலிருந்து குரல்கள் கொட்டின. காற்றுக்கு மேலே எங்களுக்கே கேட்டது. கரைக்காவல், மீனவர் சங்கத்து ஆள், மற்றப் படகுக்காரர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் ஷுன்-ஃபா, ஷுன்-ஃபா என்று அவன் பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் இருட்டில் அசையாமல் நின்றான்.

யாவ்-திங் அப்பாவின் ரேடியோவை மறுபடி எடுத்தான். இந்தத் தடவை தன் குரலிலேயே பேசினான். "அண்ணே, யாவ்-திங். கேக்குதா?"

பதில் வந்தது. "கேக்குது." அப்புறம் இன்னும் மெதுவாக, "கேக்குது, கேக்குது. உங்கப்பா எப்படிடா இருக்காரு? நான் வந்து பார்க்கலாமா?"

யாவ்-திங் கை ரேடியோவை ஆணியில் மாட்டிவிட்டு, படகை ஒட்டி நிறுத்தி, என் முழங்கையைப் பிடித்தான். "பார்த்து ஏறுங்க அண்ணி. வழுக்கும்."

கரை திரும்பும்போது நான் 'ஷுன்-ஃபா'வில் இருந்தேன். நடந்ததையெல்லாம் வென்-ஹாயிடம் சொன்னேன். சுக்கானைப் பிடித்தபடி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான். சுக்கான் அறைச் சுவரில் சாம்பல் பெட்டி இருந்தது, வலது மூலையில் என் சீட்டு. நான் நகத்தால் அதைக் கிளப்பிப் பார்த்தேன். வரவில்லை. நல்லா ஒட்டியிருந்தேன் பாவி. துணுக்குத் துணுக்காகச் சுரண்டினேன், நகக்கண் எரிந்தது.

"விடு. காலையில சுரண்டிக்கலாம்" என்றான்.

நான் விடவில்லை.

"ஊரு கேட்டது எனக்கு ஒண்ணுமில்ல, யூன். அவங்க ஊரு. நீ மூணு தடவை கேட்ட" என்றான்.

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வேறு வார்த்தைதான் வந்தது.

"உனக்குக் கேக்கல" என்றேன்.

"ஆமா" என்றான். "கேக்கல."